ஆறு ஐந்துக்கு அவள் பாட்டு

அவளுக்குக் கீபோர்டு வாசிக்க வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதில் தப்பு முழுக்க என் மேல்தான். இந்த ஒரு விஷயத்திலாவது நியாயம் என் பக்கம் இருக்கட்டும். இரண்டு கையிலும் சேர்த்து நாலு விரல்தான் அவளுக்கு வேலை செய்யும். மீதி ஆறும் வேடிக்கை பார்க்கும். ஆற்காட்டுப் பக்கம் திமிரி என்கிற ஊரைத் தாண்டி வயல் நடுவில் இருக்கிற வீட்டில், அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய கீபோர்டை வைத்துக்கொண்டு, யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். குரல் மட்டும் இருந்தது. காய்கறி வண்டிக்காரருக்கு இருக்கிற மாதிரிக் குரல். தெரு முனை வரைக்கும் கேட்கும்.

நான் பத்து வருஷம் வயலின் படித்தவள். அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்தார். பத்தாம் வகுப்பு வரை அங்கேதான் வளர்ந்தேன். பிறகு சத்துவாச்சாரியில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். சர்ச் பாட்டுக் குழுவில் ஆரம்பித்த வயலின், ஒவ்வொரு கிரேடாகப் பரீட்சை எழுதி எழுதி மேலே ஏறியது. இடது கை விரல் நுனியெல்லாம் காய்ப்பு. பலன் என்னவென்று கேட்டால், கிறிஸ்துமஸுக்கு வாசிப்பேன், சொந்தக்காரர் கல்யாணத்தில் வாசிப்பேன், சாப்பிட்டுவிட்டு வருவேன். "வயலின் சோறு போடுமா?" என்று கேட்காத அத்தை கிடையாது. அம்மா பேங்க் எக்ஸாம் புத்தகங்களை வாங்கி என் மேஜை மேல் அடுக்கி வைத்துவிட்டாள், வயலின் பெட்டி வைக்கிற இடத்திலேயே.

நாங்கள் இரண்டு பேரும் வேலூரில் ஒரே கல்லூரி, ஒரே வருஷம். கல்லூரி மியூசிக் கிளப்புக்குப் பொறுப்பு கெமிஸ்ட்ரி மேடம். தெற்கே பிறந்து வேலைக்காக இந்தப் பக்கம் வந்தவர். கடைசி வருஷம் ஆரம்பித்தவுடன் எங்களைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்து அறை சனிக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது. அங்கே ஒரு இசை வகுப்பு ஆரம்பிக்கலாம். கண் தெரியாத பிள்ளை, காது மந்தமான பிள்ளை, சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை, பேச்சு சரியாக வராத பிள்ளை, இது எதுவும் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளை, எல்லாரும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். உனக்குத் தனி, எனக்குத் தனி என்று இருக்கக் கூடாது. வாத்தியம் வாங்க வேண்டும், நடக்க முடியாதவர்களைக் கூட்டிவர வேன் வேண்டும், டீச்சருக்கு ஒரு சம்பளம் வேண்டும். அதற்கெல்லாம் வேண்டிய பணத்தை நாங்கள் வாசித்தே சேர்க்க வேண்டும்.

"பணம் சேந்துட்டா ஜூன்ல ஆரம்பிச்சிடலாம். டீச்சர் வெளிய தேட வேண்டாம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்திய போட்டுடறேன்," என்றார் மேடம், என்னையும் அவளையும் பார்த்து.

அந்த நிமிஷமே அந்த அறை எனக்கு என்று மனசுக்குள் பூட்டுப் போட்டுவிட்டேன். பிள்ளைகள் மேல் இருந்த பாசத்தால் என்று பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைகளை அப்போது நான் பார்த்தது கூட இல்லை. வயலின் வாசித்துச் சம்பளம் வாங்கினேன் என்று ஒரு தடவையாவது அந்த அத்தைகளிடம் சொல்ல வேண்டும். அது நடக்காவிட்டால் பேங்க் எக்ஸாம்தான். அதுவும் இந்த நாலு விரல்காரியிடம் தோற்றுப் போய் பேங்க் எக்ஸாம் எழுதுவது என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

முதல் முதலில் ஒரு ஷூ கம்பெனி கேட்டில் வாசித்தோம். ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வருகிற நேரம். காலிச் செருப்புப் பெட்டிகளின் மூடியில் பிளேடால் கீறி, வாசிக்கிறவர் பக்கத்தில் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தோம். ஆம்பூரில் உண்டியலுக்குப் பஞ்சமே கிடையாது. நான் மூன்று மாதம் பழகின ஒரு கஷ்டமான உருப்படியை வாசித்தேன். ஒரு இடத்திலும் பிசகவில்லை. கழுத்தில் ஐடி கார்டோடு வந்த பெண்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தங்கள் வேன் எங்கே நிற்கிறது என்று தேடப் போய்விட்டார்கள். பகலெல்லாம் மிஷினில் குனிந்து உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்தவர்களுக்கு என் வில்லின் நேர்த்தி எதற்கு?

அடுத்து அவள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டை எடுத்தாள். கீபோர்டில் இரண்டு இடத்தில் தப்பு. மூன்றாவது இடத்தில் தப்பு செய்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க அக்கா, இன்னொரு தபா," என்று திரும்ப ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ஒரு அம்மா டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டுக் கை தட்டினார். வேன் டிரைவர் ஹாரனை நிறுத்தினார். "இன்னாமா பாடுது இந்தப் பொண்ணு!" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். திரும்பி வரும்போது அவள் பெட்டி கனமாக இருந்தது. என் பெட்டியை ஆட்டிப் பார்த்தால் கடகடவென்று சத்தம் கேட்டது. நோட்டு இருந்தால் சத்தம் வராது.

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "உன் கை மாதிரி எனக்கு ஒரு கை இருந்தா போதும்டி," என்றாள். அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஜெயித்தவள் தோற்றவளைத் தட்டிக்கொடுக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் எங்கே போனாலும் இதே கதைதான். வலீமா என்கிற கல்யாண விருந்தில் வாசித்தோம், கோட்டைப் பூங்காவில் வாசித்தோம், ஒரு தோல் வியாபாரி வீட்டு மொட்டை மாடியில் வாசித்தோம். நான் தப்பில்லாமல் வாசிப்பேன், அவள் தப்பாக வாசித்துக் கைதட்டு வாங்குவாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அவளைப் போல் சிரித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பல்வலிக்காரி சிரிப்பாக வந்தது.

தை மாதம் ஆம்பூரில் ஒரு ஷாதி மஹாலில் பெரிய நிகழ்ச்சி வைப்பதாக முடிவானது. கல்யாணத்துக்கு விடுகிற அந்த மண்டபத்தை ஒருத்தர் அன்று சாயங்காலம் சும்மா கொடுத்திருந்தார். ஊரில் கம்பெனி வைத்திருக்கிறவர்கள், பெற்றோர்கள் எல்லாரும் வருவார்கள். வகுப்புக்குச் சேரப்போகிற பிள்ளைகளும் மேடையேறி ஒரு பாட்டு வாசிப்பார்கள். அதற்காக இரண்டு மாதம் முன்பிருந்தே சனிக்கிழமைகளில் போய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம்.

ஒன்பது பிள்ளைகள். அதில் ஒரு பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். உருது பேசுகிற வீடு. பேச்சு அதிகம் வராது, ஆனால் எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். படிக்கட்டு, ஜன்னல் கம்பி, மேடத்தின் வளையல். எட்டு வரைக்கும் எண்ணி, திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் கையில் ஒரு சின்ன டிரம்மைக் கொடுத்திருந்தோம்.

முதல் சனிக்கிழமை என் எதிரி கீபோர்டை வாசிக்க ஆரம்பித்தவுடன் அந்தப் பெண் "சே!" என்றாள். இவள் நிறுத்திவிட்டாள். மறுபடி வாசித்தாள். மறுபடி சரியாக அதே இடத்தில் "சே!" இவள் முகம் சுருங்கிப் போய், "ஏம்மா, அவ்ளோ கேவலமாவா வாசிக்கறேன்?" என்று கேட்டாள். பிள்ளைகள் ஜமக்காளத்தில் விழுந்து புரண்டு சிரித்தார்கள். அந்தப் பெண் உருதுவில் எண்ணிக்கொண்டிருந்தாள். மற்ற எண்களெல்லாம் வாய்க்குள். ஆறு மட்டும் வெளியே வரும். ஆறுக்கு உருதுவில் சே. திமிரிக்காரிக்கு அது எங்கே தெரியும்? விஷயம் புரிந்ததும் இவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெண் எழுந்து வந்து இவள் கன்னத்தைத் தொட்டு, "ஆபா," என்றாள். உருதுவில் அக்கா.

எனக்கு உருது தெரியும். பத்தாம் வகுப்பு வரைக்கும் என் தோஸ்துகள் பேசினதே அந்த மொழிதான். "சே" என்றால் ஆறு என்று முதல் தடவையிலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்காமல் அவள் அசிங்கப்படட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்னைக் கடைசி வரை "மிஸ்" என்றுதான் கூப்பிட்டாள். தப்பு செய்தவள் ஆபா ஆகிவிட்டாள், தெரிந்தவள் மிஸ் ஆகிவிட்டேன்.

நிகழ்ச்சி நிரல் போடுகிற வேலையை மேடம் என்னிடம் கொடுத்தார். "நீதான் ஆம்பூர்ப் பொண்ணு. அந்த ஊருக்கு எது சரிவரும்னு உனக்குத்தான் தெரியும்," என்றார்.

எனக்குத் தெரியும்தான். ஷாதி மஹாலுக்கு எதிர்வரிசையிலேயே மசூதி. ஆம்பூரில் பாங்கு சொல்லும்போது மைக் ஓடாது. யாரும் வந்து நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், நாங்களே நிறுத்திவிடுவோம். எங்கள் வீட்டில் டிவி சத்தத்தை அம்மா குறைத்துவிடுவாள், சர்ச்சில் கொயர் பழகும்போது கூட அந்த சில நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒரு மசூதியில் முடிக்கும்போது அடுத்த தெரு மசூதியில் ஆரம்பிக்கும். அது முடிந்து ஆண்கள் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஊரில் யார் நிகழ்ச்சி நடத்தினாலும் சாயங்காலம் அந்த நேரத்தைச் சும்மா விட்டுவிடுவார்கள். டீ கொடுப்பார்கள். இது யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்துத் தெரிகிற விஷயம் இல்லை.

அந்த வாரம் மக்ரிப், அதாவது சாயங்காலத் தொழுகைக்கான பாங்கு, ஆறு பத்துக்கு. காகிதத்தை எடுத்து, ஆறு ஐந்து என்று எழுதி, அதற்கு நேராக அவள் பெயரையும் பிள்ளைகள் பாட்டையும் எழுதினேன். ஒன்பது நிமிஷப் பாட்டு. நடுவில் அறுபடும். அறுபட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்ப எடுக்கத் தெரியாது. அவள் மேடையில் முழிப்பாள், சிரிப்பாள், அந்தச் சிரிப்பு இந்தத் தடவை உதவாது. பாதி மண்டபம் எழுந்து போய்விடும். ஏழு மணிக்கு, எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்தபிறகு, என் வயலின். இருபது நிமிஷம்.

பிள்ளைகளும் சேர்ந்துதான் அசிங்கப்படுவார்கள் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. தோன்றி, அதை ஒதுக்கிவிட்டு, காகிதத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். மேடம் வாங்கிப் பார்த்து, "டைமிங் எல்லாம் சரிதானே?" என்றார். "சரி மேடம்," என்றேன். அவளும் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆறு அஞ்சா?" என்று கேட்டாள். "ஆமா," என்றேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

நிகழ்ச்சியன்று மண்டபம் நிறைந்துவிட்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆறு ஐந்துக்கு மிகச் சரியாக அவள் பிள்ளைகளோடு மேடையேறினாள். கண் தெரியாத சின்னப் பெண் கையில் சலங்கை, சக்கர நாற்காலியில் இருந்த பையனிடம் தாளத்தட்டு, எண்ணுகிறவளிடம் டிரம். நான் மேடைக்குப் பக்கவாட்டில் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு நன்றாகவே போனது. எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் நன்றாகப் போனது. ஆறு பத்துக்குப் பாங்கு ஆரம்பித்தது.

மைக்செட்காரர் மைக்கை அணைத்தார். அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். எந்தப் பதட்டமும் இல்லை. நான் பார்த்தது அவளை. பார்த்திருக்க வேண்டியது பிள்ளைகளை. ஒன்பது பேரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கை காட்டவில்லை. அவர்களும் ஆம்பூர்ப் பிள்ளைகள்தானே. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு நிறுத்துகிறவர்கள். பெண்கள் பக்கத்தில் முந்தானையும் துப்பட்டாவும் தலைக்கு ஏறின. ஒரு மசூதி முடிந்து அடுத்தது முடிகிற வரைக்கும் மண்டபத்தில் ஒரு நாற்காலி கூட நகரவில்லை. ஆண்கள் எழுந்து சத்தமில்லாமல் வாசலுக்கு நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது அந்த அமைதியில், மைக் இல்லாமல், அந்தப் பெண் சத்தமாக "சே!" என்றாள். டிரம்மில் ஒரு அடி விழுந்தது.

ஐந்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆறிலிருந்து எடுத்தாள். ஏழில் சலங்கை வந்து சேர்ந்துகொண்டது, எட்டில் தாளத்தட்டு. மைக்செட்காரர் திரும்ப மைக்கைப் போடுவதற்குள் ஒன்பது பேரும் பாட்டுக்குள் வந்துவிட்டார்கள், ஒரு அடி கூடப் பிசகாமல். பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மா வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு அழுதார். வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அப்படியே குனிந்த வாக்கில் திரும்பிப் பார்த்தார்கள். தொழுகை முடிந்து வந்தவர்கள், "நாங்க முழுசா கேக்கல, இன்னொரு தபா," என்று கேட்க, பிள்ளைகள் முழுப் பாட்டையும் திரும்ப வாசித்தார்கள். நேரம் போய்விட்டது. மேடம் என்னிடம் வந்து, "உன்னுது அஞ்சு நிமிஷத்துல முடிச்சுக்கோமா," என்றார்.

நான் அந்த ஐந்து நிமிஷத்துக்கு வில்லில் ரோசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் என்னைப் பாராட்டறீங்க. இது என் யோசனை இல்லீங்க," என்றாள். "பாங்கு நேரத்துல பசங்க நிறுத்திட்டு மறுபடி எடுக்கற மாதிரி பாத்துப் போட்டது நான் இல்ல. எனக்கு இந்த ஊரே தெரியாது. அதோ, வயலின் வெச்சுக்கினு நிக்குது பாருங்க, அவதான். உங்க ஊர்ப் பொண்ணு. ஒவ்வொரு நிமிஷமும் யோசிச்சுப் போட்டிருக்கா."

மண்டபமே என் பக்கம் திரும்பிக் கை தட்டியது. பத்து வருஷம் நான் ஏங்கின கைதட்டு அது. அதைவிடப் பெரிய கைதட்டு அதற்குப் பிறகு இன்று வரை எனக்குக் கிடைத்ததில்லை. மேடம் ஓடி வந்து கட்டிக்கொண்டார். பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் வந்து, "நம்ம ஊர்ப் புள்ளன்னா சும்மாவா," என்று தலையில் கை வைத்தார். நான் சிரித்தேன். கும்பிட்டேன். அப்புறம் ஐந்து நிமிஷம் வாசித்தேன். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மூன்று இடத்தில் பிசகியது.

அவள் என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன். அது இன்னும் மோசமாக இருந்தது. கீபோர்டு சரியாக வாசிக்காதவள், பிள்ளைகளைப் பிடித்தாள், பெட்டியை நிரப்பினாள், கடைசியில் நல்லவளாகவும் ஆகிவிட்டாள். எனக்கென்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. நல்ல குணம் இருக்கிறவர்களைப் பார்த்தால் வரும் பொறாமைக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு எனக்குத்தான் கிடைத்தது. "அவ பாசமா இருப்பா. ஆனா முன்கூட்டி யோசிக்கறவ நீதான், அந்த ஷாதி மஹால்லயே பாத்தேனே," என்றார் மேடம். நான் வாயைத் திறக்கவில்லை. ஜூனில் வகுப்பு ஆரம்பித்தது. வாத்தியங்கள் வந்தன, வேன் வந்தது, முதல் சம்பளமும் வந்தது. அத்தைகளிடம் சொன்னேன். சொன்ன அன்று இருந்த சந்தோஷம் ஒரு வாரம் தாங்கியது. அவள் ஆற்காட்டில் ஒரு நிதி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பிள்ளைகளுக்கு நான் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தேன். புதுசாகப் பிள்ளையைச் சேர்க்க வருகிற ஒவ்வொரு அம்மாவும், "பாங்குக்கு நிறுத்தி எடுத்தீங்களாமே, அந்த மிஸ் நீங்கதானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். ஒவ்வொரு ஆமாமும் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை அவள் வகுப்பைப் பார்க்க வந்தாள். எண்ணுகிற பெண் வாசலிலேயே "ஆபா!" என்று அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து அந்தப் பெண் ஒரு நாளும் அப்படி ஓடி வந்ததில்லை. பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு, அவளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். இனி முடியாது என்று தோன்றிவிட்டது.

"அந்த ஆறு அஞ்சு... நான் வேணும்னுதான் போட்டேன்," என்றேன். "உன் பாட்டு நடுவுல நின்னு போகட்டும்னு."

அவள் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"எல்லாம்தான். நீ ஷீட்டு குடுத்த அன்னிக்கே ஷாதி மஹாலுக்குப் போனேன். ஒலி எங்க நல்லா வரும்னு பாக்கத்தான் போனேன். வாட்ச்மேன் பாய் ஷீட்டைப் பாத்துட்டு, 'இன்னாமா, பாங்கு நேரத்துல பாட்டு போட்டிருக்கீங்க, ஊர் தெரியாதவங்க யாரு போட்டது?'ன்னு கேட்டாரு. ஊர் தெரிஞ்சவதான் போட்டான்னு எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு."

"மேடம்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நேரத்த மாத்திடுவாங்க. அவ்ளோதானே? எனக்கு அது பத்தல." அவள் குரல் மாறியிருந்தது. "அந்தப் பொண்ணு எண்ணிக்கைய விடவே மாட்டா. நடுவுல யாரு கூப்பிட்டாலும், கரண்டு போனாலும், விட்ட எடத்துலதான் எடுப்பா. காலேஜுக்கு மூணு நாளு லீவு போட்டு வந்து அவங்களுக்கு அத மட்டும் பழக்கினேன். நீ பாத்து எரியணும்னு."

உள்ளே டிரம் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப மைக்ல ஏன் என்னைப் புகழ்ந்த?"

"புகழ்ந்தேனா? நீ கொஞ்ச நாளைக்கு நிம்மதியா சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்டி," என்றாள். "அந்த வில்ல நீ எடுத்து வெச்சாலே எனக்கு வயிறு எரியும். எங்கூட்ல கிளாஸுக்கு அனுப்ப வழியில்ல. பத்து வருஷம் சொல்லிக்குடுத்துருந்தா நானும் தப்பில்லாம வாசிச்சிருப்பேன். தப்பு வந்தா சிரிக்கறது எனக்குப் புடிச்சா சிரிக்கறேன்? வேற வழியில்லாம சிரிக்கறேன். அதப் பாத்து நீ முறைப்ப. அதான் ஒரு வரி குத்திவிட்டேன்." மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அந்த ஒரு வரிக்காக மேடம் கிளாஸையே தூக்கி உனக்குக் குடுப்பாங்கன்னு நான் நெனைக்கல. வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருந்தா, இன்னிக்கு உள்ள இருக்கறது நான்."

அவள் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். என்னைவிட நல்லவள் என்று இரண்டு வருஷம் நான் நினைத்து வெந்தவள், என்னைப் போலவே ஒருத்தி. யாரிடமும் எனக்கு அவ்வளவு நெருக்கம் அதற்கு முன் வந்ததில்லை. கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்களுக்குள் அதெல்லாம் பழக்கமில்லை.

"அடுத்த சனிக்கிழமை நீ எடு," என்றேன். "மேடம்கிட்ட நடந்ததெல்லாம் நானே சொல்லிடறேன். ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். சம்பளமும் அப்படித்தான்."

"பாவம் பாக்கறியா?"

"இல்ல. எரியட்டும்னுதான்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வர்றேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான் என்பதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை; "நீ போகலாம்," என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவர் என்னிடம் பழைய மாதிரிப் பேசுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். நான் ஜமக்காளத்தின் கடைசியில் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். முதல் பாட்டிலேயே தப்பான கட்டையில் விரலை வைத்தாள், பிள்ளைகள் எல்லாரும் நகர்ந்து நகர்ந்து அவள் பக்கம் போய்விட்டார்கள். ஜமக்காளத்தின் என் பாதி காலியாக இருந்தது. நன்றாக எரிந்தது. நான் எழுந்து போகவில்லை.